வரிக்கணக்கு எழுதுவோர் ஊதியம்

வரிக்கணக்கு எழுதுபவருக்கு ஊதியம் தருபவர் யார், அதை எதைக் கொண்டு அளப்பது என்பது பழைய கேள்வி. தென்காசி வட்டாரம் அடங்கிய திருநெல்வேலிச் சீமையில் ஊரின் நிலவரிக் கணக்கைக் கர்ணம் எழுதினார். அவருக்கு மானிய நிலமும், அறுவடைக் களத்தில் அளந்து தரும் நெல்லும் உண்டு. இந்த நெல்லுக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர்.

1864ஆம் ஆண்டின் கிராமச் செஸ் சட்டத்துக்குப் பின் இவை படிப்படியாகப் பணச் சம்பளமாக மாறின. சம்பளம் சிறியது; ஆனால் சிட்டாவும் அடங்கலும் கர்ணத்தின் கையில் இருந்தன. எனவே குடியானவர் தரும் ‘மாமூல்’ நிற்கவில்லை. 14.11.1980 அன்று தமிழக அரசு கர்ணம் பதவியை ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

வருமான வரியிலும் இதே கேள்வி எழுந்தது. 2006ஆம் ஆண்டில் மத்திய அரசு, சிறு வரிதாரர்களுக்குக் கணக்குத் தாக்கல் செய்து தர இளம் பட்டதாரிகளைப் பயிற்றுவிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. புதிய வரிதாரர் செலுத்தும் வரியில் முதலாண்டு 3, அடுத்து 2, பின்பு 1 விழுக்காட்டை, 1,000 ரூபாய் வரம்புக்குள், அரசே அவர்களுக்கு வழங்கியது. பட்டயக் கணக்கர்களுக்கோ, இலாபத்தில் விழுக்காடாகவோ முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. தொகையோடு கூலி ஏறினால் கணக்கும் அந்தப் பக்கம் சாயும். உழைப்பை அளந்து, முன்கூட்டியே பேசி முடித்த கூலியே இரு தரப்புக்கும் நியாயமானது.