நீல மனிதரும் நஞ்சுண்ட நிலமும்

மன்னர்களின் முடிசூட்டு விழாக்களையும் அவர்தம் படையெடுப்புகளையும் ஆண்டு தவறாது மனனம் செய்விக்கும் சரித்திர பாடநூல்கள், மண்ணின் சரித்திரத்தை நமக்குச் சொல்லித் தருவதில்லை. மண்ணுக்கும் சரித்திரம் உண்டு. ஒரு பிடி மண்ணை இரசாயன சாலைக்கு எடுத்துச் சென்று பகுத்தாய்ந்தால், அங்கே உழைத்தவர் யார், இலாபத்தைக் கொண்டுபோனவர் யார், நட்டத்தைச் சுமக்கும்படி விடப்பட்டவர் யார் என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கும். செம்பு என்னும் உலோகம் பயிர் நிலங்களிற் சேர்ந்த கதையை இந்நோக்குடன் நாம் ஆராய்வோம்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1878 அளவில் அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிற்று. 1882ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், போர்தோப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் மில்லார்தே, மெதொக் பிரதேசத்தில் வீதியோரமாக நடந்து செல்கையில் ஒரு புதுமையைக் கண்டார். தோட்டத்தின் உட்புறக் கொடிகள் இலையுதிர்ந்து நிற்க, வீதியோரக் கொடிகள் மட்டும் பசுமை குன்றாதிருந்தன. வழிப்போக்கர் பழங்களைத் திருடாதிருக்கும் பொருட்டு, துருசையும் சுண்ணாம்பையும் கரைத்து அவற்றின் மீது தெளித்திருந்தார்கள்! திருடரை அச்சுறுத்த வைத்த நீலச்சாயம் நோயையும் விரட்டியது. இரசாயனவியலாளர் கயோனுடன் சேர்ந்து ஆராய்ந்த மில்லார்தே, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இவ்வாறு பிறந்ததுதான் போர்தோக் கலவை. திராட்சையையும், 1845இல் அயர்லாந்து மக்களைப் பெரும் பஞ்சத்துள் தள்ளிய வெளிறல் நோயிலிருந்து உருளைக்கிழங்கையும் காக்க வல்லதாயிருந்த இம்மருந்தின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. மனித குலத்திற்கு விஞ்ஞானம் அளித்த நற்கொடைகளுள் அதுவும் ஒன்று.

ஆயின் அந்தக் கொடை யாருடைய கையிற் சிக்கியது? இதற்கு விடை காண நாம் மத்திய அமெரிக்காவின் கொஸ்தாரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

அந்நாட்டின் அத்திலாந்திக் கரையோரத்து வாழைத் தோட்டங்களை யுனைற்றெட் புரூட் கொம்பனி என்னும் அமெரிக்க நிறுவனம் ஆண்டு வந்தது. 1934இல் அங்கே பல்லாயிரம் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் தலைவர்களுள் ஒருவரான கார்லோஸ் லூயிஸ் பாயாஸ், தோட்ட வாழ்வின் கொடுமைகளைப் பின்னர் 1941இல் ‘மாமித்தா யூனாய்’ என்ற நாவலாக எழுதினார். வாடல் நோயால் நிலம் கெட்டதும், தொழிலாளர் தலைநிமிர்ந்ததும் சேர்ந்து கொம்பனியைப் பசுபிக் கரைக்கு நகரச் செய்தன. அத்திலாந்திக் கரையில் அதற்காக உழைத்து ஓய்ந்த கறுப்பினத் தொழிலாளரைப் பசுபிக் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 1934ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே விதித்தது. நிலத்தைக் கைவிட்டவர்கள் மனிதரையும் கைவிட்டனர்.

புதிய கரைக்கும் நோய் பின்தொடர்ந்தது. பீஜித் தீவின் சிகடோக்காப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய இலைப்புள்ளி நோய், 1930களில் மத்திய அமெரிக்காவை அடைந்தது. கொம்பனி போர்தோக் கலவையைக் கையிலெடுத்தது. கலவை நிலையங்களில் துருசும் சுண்ணாம்பும் கரைக்கப்பட்டு, தோட்டம் முழுவதும் பரந்து கிடந்த குழாய்கள் வழியே பாய்ச்சப்பட்டன. குழாய் முனையைப் பிடித்த மனிதர் வாழைகள் தோறும் சென்று, ஆண்டில் பன்முறை, தலைக்கு மேலே மருந்தை விசிறினர். விசிறிய மருந்து அவர்கள் மீதே மழையாகப் பொழிந்தது. உடையும் தோலும் நீலம் பாரித்தன. இவர்களுக்குச் சக தொழிலாளர் வைத்த பெயர் ‘பெரிக்கோ’, அதாவது கிளிகள். பழத்தில் ஒட்டிய நீலக்கறையை அமிலக் கரைசலிற் கழுவி நீக்கிய பின்னரே கப்பலில் ஏற்றினார்கள். மனிதரைக் கழுவ எக்கரைசலும் இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இக்கலவையைச் சுவாசிப்போரின் நுரையீரல் கெடுகிறது என்பதைப் போர்த்துக்கல் நாட்டு மருத்துவர்கள் 1969இல், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடத்தே கண்டறிந்து எழுதினர்.

மனிதர் மீது விழுந்தது போக எஞ்சியது எங்கே போயிற்று? மண்ணுக்குள்.

செம்பு பயிருக்குப் பகையன்று. சுவாசத்திலும் ஒளித்தொகுப்பிலும் அதற்குப் பங்குண்டு. உலர்ந்த இலையில் கிலோகிராமுக்கு 5 முதல் 20 மில்லிகிராம் வரை இருந்தாற் போதும். அளவு மிஞ்சும்போதே அமுதம் நஞ்சாகிறது. சேதன மருந்துகள் பலவற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். செம்போ ஒரு மூலகம், அது சிதைவதில்லை. மண்ணின் சேதனப் பொருளையும் களித் துணிக்கைகளையும் பற்றிக்கொண்டு மேல் மண்ணிலேயே தங்குகிறது. அங்கே முளைக்கும் இளம்பயிரின் வேர்நுனி முதலில் அடிபடுகிறது. வேர் நீளாது, தடித்து, கறுத்து, குட்டையாகிறது. இரும்பையும் பொசுபரசையும் போதிய அளவு உறிஞ்ச முடியாமல் இளம் இலைகள் மஞ்சள் பூக்கின்றன. உழவன் இலையைப் பார்த்துப் பசளை போடுகிறான். குற்றமோ வேரடியிற் கிடக்கிறது.

ஆழ வேரோடிய முதிய திராட்சைக்கொடி இதனைத் தாங்கி நிற்கும். அதனைப் பிடுங்கிவிட்டுத் தானியத்தையோ கீரையையோ விதைக்கும்போதே மறைந்திருந்த நஞ்சு வெளிப்படும். கொஸ்தாரிக்காவிலும் அதுவே நிகழ்ந்தது. 1950களின் பிற்பகுதியில் எண்ணெய்த் தெளிப்பு போர்தோக் கலவையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. செம்பு மட்டும் நிலத்தை விட்டு அகலவில்லை. தென்பசுபிக் நிலங்களில் அது திரண்டு கிடந்து விவசாயத்தைக் கெடுப்பதை 1979இல் அந்நாட்டு மண் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். 1984இல் நீண்டதொரு வேலைநிறுத்தத்தின் பின்னர் கொம்பனி அப்பிரதேசத்து வாழைச் செய்கையைக் கைவிட்டது. இலாபம் கப்பலேறியது, செம்பு மண்ணில் நின்றது. பழைய வாழை நிலத்தில் நெல் விதைத்த ஏழை உழவனின் பயிர் குறுகியும் மஞ்சளித்தும் நின்றபோது, அந்த நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் கொம்பனியின் பெயரில் எழுதவில்லை.

இது தூரதேசத்துக் கதைதானே என்று நாம் இருந்துவிடலாகாது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது, இங்கும் செப்பு மருந்துகளே துணைக்கு அழைக்கப்பட்டன. அவற்றைத் தெளித்த மலையகத் தொழிலாளருக்கு 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டில் உரிமையே இல்லை என்றது. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர்; அமில மண்ணிலோ செம்பு எளிதிற் கரைந்து வேரைச் சேரும். சுண்ணாம்பிட்டு அதனைக் கட்டுப்படுத்தும் வழியும் அங்கே தாராளமாகத் திறந்திருக்கவில்லை. ஆகவே தேயிலை மண்ணின் செம்பை அளந்து கணக்கு வைப்பது நமக்கும் உரிய கடமையே.

பரிகாரம் இல்லாமலில்லை. சுண்ணாம்பும் சேதனப் பசளையும் செம்பைப் பிணித்து வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், 7 ஆண்டுகளில் ஹெக்டயருக்கு 28 கிலோகிராம் செம்புக்கு மேல் இடலாகாது என வரையறுத்தது. எனினும் ஒருமுறை சேர்ந்த செம்பை நிலத்திலிருந்து மீட்டெடுப்பது எளிதன்று. வருமுன் காப்பதே வழி.

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. ஓர் அறுவடையின் இலாபத்தை மட்டும் எண்ணுபவன் கையில் அது இருந்தால் மண்ணின் நூறாண்டுக் கணக்கை அவன் பார்க்கமாட்டான். அம்மண்ணிலேயே பிறந்து, அதிலேயே தன் பிள்ளைகளும் வாழவேண்டியவனே அதனைப் பார்ப்பான். ஆகவே, மருந்தைத் தெளிப்பவனுக்கும் நிலத்தை உழுபவனுக்கும் அந்நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை வேண்டும். நமது வகுப்பறைகளில் மண்ணின் சரித்திரம் போதிக்கப்படும் நாளில், நீலம் பாரித்த அந்த மனிதருக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுமாக!