எலுமிச்சை வளர்ப்பில் 'ஒட்டு': ஒரு கலைச்சொல்லின் பொருள் எல்லை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் மாடித் தோட்டங்களுக்குக் கன்று வாங்குவோரும் விற்போரும் 'ஒட்டு எலுமிச்சை' என்னும் தொடரைப் பொதுவாக வழங்குகின்றனர். ஆயின் இத்தொடர், மொட்டுக் கட்டி இணைத்த செடியையும், இரு வகைகளைக் கலந்து பெற்ற செடியையும், சில வேளைகளில் கிளையிலிருந்து பதியம் போட்டு எடுத்த செடியையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. இம்மூன்றில் முதலாவதற்கு மட்டுமே 'ஒட்டு' உரியது என்பதும், சிட்ரஸ் இனத்தைப் பொறுத்தவரை இவ்வரையறை சொல்லழகு கருதியதன்று, பயிரின் நலம் கருதியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒட்டுதல் என்பது வெவ்வேறாக நிற்கும் இரண்டைச் சேர்த்தல். ஒட்டுநிலை மொழி என்னும் மொழியியல் வழக்கும் 'ஒட்டுமா' என்னும் தோட்டக்கலை வழக்கும் இப்பொருளிலேயே நிற்கின்றன. இந்தியாவில் 1961-இல் கலப்பின மக்காச்சோளமும், 1964-இல் சி.எஸ்.எச்.-1 என்னும் கலப்பினச் சோளமும் வெளியிடப்பட்டன. இத்தகைய பயிர்களைக் குறிக்க வேளாண் தமிழில் 'வீரிய ஒட்டு' என்னும் தொடர் நிலைபெற, மகரந்தச் சேர்க்கையால் விதைக்குள் நிகழும் கலப்பும் கத்தியால் தண்டில் நிகழ்த்தும் இணைப்பும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. சோளத்தில் இதனால் தீங்கில்லை, ஏனெனில் சோளத்தை எவரும் மொட்டுக் கட்டி வளர்ப்பதில்லை. இரு முறைகளுக்கும் இடமுள்ள மரப்பயிர்களிலேயே சிக்கல் எழுகிறது.

இதனுடன் மாவிலிருந்து வந்த ஓர் எண்ணமும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான இந்திய மா வகைகளில் விதைக்கு ஒரு கருவே உண்டாதலால், விதையில் முளைத்த கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும் என்ற உறுதி இல்லை. எனவே குணம் மாறாதிருக்க ஒட்டு இன்றியமையாததாகிறது. எலுமிச்சை விதையிலோ பல கருக்கள் உருவாகின்றன (இதனைப் பல்கருநிலை என்பர்). அவற்றுள் பெரும்பாலானவை கருவுறுதலால் அன்றி, தாயின் சூல்திசுவிலிருந்தே தோன்றுவதால் தாயின் மரபமைப்பையே கொண்டவை. தென்காசிப் பகுதியின் கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம்.-1 உள்ளிட்ட எலுமிச்சை வகைகள் தமிழ்நாட்டில் விதைக்கன்றாகவே நடப்படுவதற்கு இதுவே அடிப்படை. ஆகவே விதைக்கன்று தாழ்ந்தது, ஒட்டுக்கன்று உயர்ந்தது என்னும் மதிப்பீடு எலுமிச்சைக்குப் பொருந்தாது.

கலப்பு என்ற பொருளில் 'ஒட்டு' என்பதைக் கொள்வோர் இன்னொரு முரணையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணுத்தொகை ஆய்வின்படி, எலுமிச்சையே சிட்ரஸ் மைக்ராந்தா, சிட்ரஸ் மெடிகா என்னும் இரண்டின் கலப்பால் தோன்றியது (நார்த்தை, கடாரங்காய் என்னும் தமிழ்ப் பெயர்கள் ஊருக்கு ஊர் பொருள் மாறுவதால் இங்குத் தாவரவியல் பெயர்களே தரப்படுகின்றன). அவ்வாறாயின் கொல்லையில் தானாக முளைத்த எலுமிச்சையும் கலப்பினமே. அதில் ஒட்டு என்பது மருந்துக்கும் இல்லை.

உண்மையான ஒட்டு சாத்துக்குடியில் தெளிவாகப் புலப்படும். ஜம்பேரி அல்லது ரங்கபூர் எலுமிச்சை நாற்று பென்சில் பருமன் அடைந்ததும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டையைக் குறுக்கே ஒரு கீறும் கீழ்நோக்கி ஒரு கீறுமாக வெட்டி, மெல்ல நெகிழ்த்து, சாத்துக்குடிக் குச்சியிலிருந்து கேடய வடிவில் சீவிய மொட்டைச் செருகி, மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியுமாறு பாலிதீன் நாடாவால் சுற்றுவர். இணைவது வளர்திசுவாகிய கேம்பியம் மட்டுமே. இரண்டின் மரபமைப்பும் கலப்பதில்லை. மேற்பகுதி கனியைத் தீர்மானிக்க, வேர்ச்செடி மண்ணோடும் நோயோடும் உள்ள உறவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இவ்வுறவு எவ்வளவு நுண்மையானது என்பதற்கு டிரிஸ்டெசா வைரசே சான்று. 1930-களிலிருந்து பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அசுவினியால் பரவிய இந்நோய், கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடிமேல் கட்டிய சாத்துக்குடி இனத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. சொந்த வேரில் நிற்கும் சாத்துக்குடி அவ்வாறு பட்டுப்போவதில்லை, கசப்பு ஆரஞ்சின் விதைக்கன்றும் பட்டுப்போவதில்லை. இரண்டும் கூடிய இணைப்பிலேயே உணவு கடத்தும் திசு சிதைகிறது. நோய் தாக்குவது இன்ன இணையை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஒட்டுச்செடி' என்று மட்டும் சொல்வது எதையும் சொல்லாததற்கு ஒப்பாகும்.

வேர்ச்செடிக்கு 'வேர்த்தண்டு' என்று எழுதும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் நிலத்தடித் தண்டுக்கும் அச்சொல் வழங்குவதால். 'வேர்ச்செடி' என்பதே தெளிவானது. அது தனக்கென உயிர்ப்புள்ள ஒரு செடி என்பதையும் அச்சொல் நினைவூட்டுகிறது. இணைப்புக்குக் கீழே துளிர்க்கும் தளிரை நீக்காவிட்டால் வேர்ச்செடி ஓங்கி, கட்டிய வகை நலிந்து மறையும். தொட்டியில் சாத்துக்குடி வைத்தவர் சில ஆண்டுகளில் முள்ளடர்ந்த வேறொரு மரத்தைக் காண நேர்வது இவ்வாறே. கன்று வாங்குபவர் தண்டில் பார்க்க வேண்டியது அந்த இணைப்பு வடுவை. வடு இல்லையேல் அது விதைக்கன்றோ பதியக்கன்றோ ஆகும், விலை எதுவாயினும்.

தோட்டக்கலை நூல்கள் கலப்பைப் பெருக்கல் குறியாலும், ஒட்டை மேல் வகைக்கும் வேர்ச்செடிக்கும் இடையே இடும் சாய்கோட்டாலும் வேறுபடுத்துகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் பிளாரன்சில் அறியப்பட்ட 'பிசாரியா' என்னும் மரம் இவ்விரண்டிலும் அடங்காது. ஒட்டிடத்தில் இரு செடிகளின் திசுக்கள் பின்னி வளர்ந்து, ஒரே கனியில் இரு வகைக் கனிகளின் இயல்பைக் காட்டிய அதற்குக் கூட்டல் குறி இடுவர். அதையும் கலப்பினம் என்றல் பிழை. தமிழில் அதனை 'ஒட்டுக்கதம்பம்' எனலாம். 'ஒட்டு' என்பது இணைப்புக்கே என்று வரையறுத்து, கலப்புக்குக் 'கலப்பினம்' என்பதை நிறுத்தினாலன்றி இத்தகைய புதிய ஆக்கங்களுக்கு இடம் கிடைக்காது. சாத்துக்குடி/ரங்கபூர் என இரு பெயரும் கன்றின் அட்டையில் இடம்பெறுவதே இவ்வரையறையின் முதல் நடைமுறைப் பயனாக அமையும்.