இரும்பால் தீராத சோகை

இரத்தசோகை என்றதும் இரும்புச்சத்துக் குறைவுதான் நினைவுக்கு வருகிறது. இரும்பு குறையும்போது சிவப்பணுக்கள் சிறுத்துவிடுகின்றன. அவை இயல்பைவிடப் பெருத்து, எண்ணிக்கையில் குன்றும் வேறொரு சோகையும் உண்டு. அதன் காரணத்தைத் தேடிய வரலாற்றில் குன்னூரும் திருவல்லிக்கேணியும் இடம்பெறுகின்றன.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஏழைக் கருவுற்ற பெண்களைக் கொன்றுவந்த கடுஞ்சோகையை ஆராய்வது அவர் பணி. முதலில் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் அப்பெண்களின் உணவை ஆராய்ந்தபோது அதில் காய்கறியும் பழமும் மிக அருகியிருந்தன. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்காரிசனின் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். 1931 தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனையில் இருந்தார். இன்று அது கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை. அப்பெண்களின் உணவைப் போன்ற உணவால் விலங்குகளுக்கும் சோகை கண்டது. மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அதைத் தீர்த்தது. நோயுற்ற பெண்களும் அதனால் தேறினர்.

இதைவிட முக்கியமானது அடுத்த படி. உயிர்க்கொல்லிச் சோகைக்கு ஈரல் மருந்தாவதை 1926இல் மைனாட், மர்ஃபி ஆகியோர் காட்டியிருந்தனர். ஆனால் தூய்மைப்படுத்திய ஈரல் சாறு வில்ஸின் நோயாளிகளுக்குப் பலிக்கவில்லை. தூய்மைப்படுத்தாத சாறு பலித்தது. ஆகவே ஈரலில் இருந்த மருந்து ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12. மற்றது 'வில்ஸ் காரணி' எனப்பட்டுப் பின்னர் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. 1941இல் ஸ்பினாச் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டதால், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. (கரும்பின் காய்ந்த இலையும் தமிழில் சோகைதான், ஒலியொப்புமையை நம்பிச் சொற்பிறப்பு கட்டிவிட வேண்டாம்.) அதைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வுக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

இரண்டு குறைபாடுகளிலும் உயிரணு புதிய மரபுப்பொருளை ஆக்க இயலாமல், பிரியாமலே பெருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், காரணங்கள் வேறு. கருவுற்ற காலத்தில் ஃபோலேட் தேவை உயர்கிறது. நெடுநேரம் வேகவைத்தால் கீரையிலுள்ளதும் அழிகிறது. பி12 தாவர உணவில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் வழியே வருகிறது. இரைப்பை பழுதுற்றால் உண்டும் பயனில்லை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும். நரம்புச் சிதைவோ மறைவாகத் தொடரும்.