யார் கொடுத்த பெல்ட்?

சென்ற வாரம் பேரன் இடுப்பில் மஞ்சள் பெல்ட்டோடு வீட்டுக்கு வந்தான். டேக்வாண்டோ வகுப்பில் பரீட்சை வைத்துக் கொடுத்தார்களாம். "சாபொம்நிம் கட்டிவிட்டார் தாத்தா" என்றான். "சாபமா? யாருக்கடா?" என்று பதறினேன். கொரிய மொழியில் ஆசிரியரை அப்படித்தான் அழைக்க வேண்டுமாம். பிறகு, "நீங்க ஆபீஸ்ல என்ன பெல்ட்?" என்று கேட்டான். எல்.டி.சி.யாகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற கதையைச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கோ அவனுடைய பெல்ட் கதை பிடித்துப்போயிற்று. சீனியாரிட்டி லிஸ்ட் என்றாலே காது விடைத்துக்கொள்ளும் சாதி அல்லவா நாம்!

தேடிப் படித்ததில் தெரிந்தது இது. டேக்வாண்டோவில் தொடக்க நிலைகளுக்கு 'கூப்' என்று பெயர். பத்தில் தொடங்கி ஒன்று வரை இறங்கி வரும். கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு 'டான்'. அது ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டான் கிடையாது, 'பூம்' தான். அதற்குப் பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட்.

இந்த ஏணி கொரியாவில் பிறந்ததல்ல. ஜப்பானில் 'கோ' என்ற பலகை ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க டான் முறை இருந்தது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883இல் அதைத் தம் மாணவர் இருவருக்குக் கொடுத்தார். 1924இல் ஃபுனாகோஷி அதைக் கராத்தேவுக்குக் கொண்டுவந்தார். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் கராத்தேயும் டானும் கற்றுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான லீ வோன்-குக் 1944இல் சியோலில் 'சுங் டோ குவான்' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இன்னும் பல குவான்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அவர் கொடுப்பதுதான் டான், அவர் கையெழுத்துதான் சான்றிதழ்.

சிக்கலும் அங்கேதான். கொரியப் போர் நடந்த 1953இல் எல்லாக் குவான்களையும் ஒரே சங்கமாக்கப் பார்த்தார்கள். டான் தேர்வுக் குழுவில் தமக்கு இடமில்லை என்றதும் மூ டோக் குவான் தலைவர் ஹ்வாங் கீ விலகிவிட்டார். 1955இல் டேக்வாண்டோ என்ற பெயரை முன்வைத்தவர் சோய் ஹோங் ஹி, ராணுவ ஜெனரல். அவருக்குச் சுங் டோ குவானின் சன் டோக்-சுங் கௌரவ நான்காம் டான் கொடுத்திருந்தார். இருவருக்கும் மனத்தாங்கல் முற்றி, 1959இல் அந்த டான் ரத்து என்று சன் பத்திரிகையிலேயே அறிவித்தார். பாருங்கள், ஜெனரலுக்கே இந்த நிலை! தோளில் இருக்கும் நட்சத்திரம் அரசாங்கம் கொடுத்தது. டான் ஆசிரியர் கொடுத்தது.

1972இல் சியோலில் குக்கிவோன் கட்டடம் திறந்தது. குவான்கள் படிப்படியாக ஒன்றாயின, சான்றிதழும் அங்கிருந்தே வரலாயிற்று. சோய் 1966இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்புக்குத் தனி ஏணி. அங்கே நான்கு முதல் ஆறாம் டான் வரை 'சாபொம்', ஏழும் எட்டும் 'சாஹ்யொன்', ஒன்பது 'சாசொங்'. ஆனாலும் பழைய ஆட்கள் இன்றும் தாங்கள் எந்தக் குவானின் வழி வந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

'சாபொம்' என்ற சொல்லில் ஆசிரியர், முன்மாதிரி என்று இரண்டு பொருள் சேர்ந்திருக்கிறது. 'நிம்' என்பது நம்முடைய 'அவர்கள்' மாதிரி. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆரம்பப் பள்ளி வாத்தியாரையும் 'மெத்ர்' என்போம், கைதேர்ந்த கலைஞரையும் 'மெத்ர்' என்போம். அது ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தமிழில் ஆபீஸ் கடிதம் எழுதவே வராது. பக்கத்து மேஜையில் இருந்த வயதான யு.டி.சி. ஒருவர்தான் கோப்பில் குறிப்பு எழுதுவது எப்படி என்று சிவப்பு மசியால் திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். சில வருடங்களில் துறைத் தேர்வு எழுதி நான் அவரைத் தாண்டி மேலே போய்விட்டேன். உத்தரவு வந்த அன்று அவர் எழுந்து நின்று என்னை "சார்" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் "சார்" என்றே கூப்பிட்டுக்கொண்டோம். ஆனால் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை ஒரு நாள்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

பேரனிடம், "சாபொம்நிம் பேர் என்னடா?" என்று கேட்டேன். தெரியாதாம். கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போவதாக இருக்கிறேன், அவருக்கு ஒரு வணக்கம் சொல்ல.