ஹைமாட்: ஊரை விட்டுப் போனவர்களும் ஊரில் இருந்தவர்களும்

ஜெர்மன் மொழியில் 'ஹைமாட்' என்று ஒரு சொல் உண்டு. பிறந்த வீடு, வளர்ந்த மண், சொந்த மக்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று தமிழில் கேட்கும்போது வருகிற அந்த 'ஊர்' என்ற சொல் ஏறக்குறைய அதற்கு இணையானது. அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து எட்கர் ரைட்ஸ் இயக்கிய தொடர் 1984இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 11 பகுதிகள், 15 மணி நேரத்துக்கும் மேல். 1919 முதல் 1982 வரை ஒரு கிராமத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது.

1984இல் அந்தத் தலைப்பை வைக்கத் துணிச்சல் வேண்டும். நாஜிகள் தங்கள் பிரச்சாரத்தில் பயன்படுத்திப் பயன்படுத்திக் கறைபடுத்திய சொல் அது. 1950களில் வந்த ஹைமாட் படங்களோ மலை, புல்வெளி, காதல் என்று எல்லாவற்றையும் இனிப்பாகக் காட்டிப் போரையே மறக்கடித்தன. அந்தப் பழைய சினிமாவுக்கு எதிராக 1962இல் ஓபர்ஹவுசன் நகரில் இளம் இயக்குநர்கள் வெளியிட்ட அறிக்கையில் ரைட்ஸும் கையெழுத்திட்டிருந்தார்.

ரைட்ஸே ஊரை விட்டுப் போனவர்தான். 1932இல் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் மோர்பாக் என்ற ஊரில் ஒரு கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்தவர், படிக்க மூனிக் போனார். 1979 ஜனவரியில் 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மனியில் காட்டப்பட்டபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. தங்கள் வரலாற்றை ஹாலிவுட் பாணியில் வேறு யாரோ சொல்கிறார்களே என்று ரைட்ஸுக்குக் கோபம். தனக்குத் தெரிந்த மண்ணுக்குத் திரும்பினார். 'ஷாபாக்' என்ற கற்பனைக் கிராமம் பிறந்தது.

முதல் உலகப் போர் முடிந்து 1919இல் பவுல் சிமோன் கால்நடையாக வீடு திரும்புவதில் தொடர் தொடங்குகிறது. அப்பா கொல்லர். மகனுக்கோ உலைக்களத்தில் மனம் இல்லை. ரேடியோ செய்வதில்தான் ஆசை. அவன் விரும்பிய அப்பலோனியாவை ஊர் ஏற்கவில்லை. பிரெஞ்சு சிப்பாய் ஒருவனோடு பழகியவள் என்று பேசிப் பேசியே அவளை வெளியேற வைத்தது. பவுல் ஊர்த்தலைவரின் மகள் மரியாவை மணந்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. 1928இல் ஒரு நாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போய்விட்டான். போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா.

பார்ப்பவர்களுக்கு அவன் போனதன் காரணம் கடைசி வரை முழுதாகச் சொல்லப்படுவதில்லை. சண்டை இல்லை, அடி இல்லை. அதனால்தான் அந்தக் காட்சி மனதில் நிற்கிறது. 1939இல் பணக்காரனாகத் திரும்பி வரும் பவுல், ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பலை விட்டே இறங்க முடியவில்லை. சிமோன் என்பது யூதப் பெயராக இருக்கலாம் என்று சந்தேகம். ஆரிய வம்சம் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். ஊரை விட்டுப் போனவனிடம் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நாடே கேட்டது.

இனித்தான் தொடரின் முக்கியமான திருப்பம். மரியாவுக்குப் பின்னாளில் ஓட்டோ என்ற பொறியாளர் மூலம் ஹெர்மான் பிறக்கிறான். ஓட்டோ போரின்போது குண்டைச் செயலிழக்கச் செய்யும் பணியில் இறந்துபோகிறார். மரியா தனியாக வளர்த்த அந்தக் கடைசி மகனுக்கு இசையில் நாட்டம். 1950களின் நடுவில், தன்னைவிடப் பதினொரு வயது மூத்த க்ளேர்ஷனை அவன் காதலிக்கிறான். மரியாவும் மூத்த மகன் ஆண்டனும் சேர்ந்து அவளை மிரட்டி விரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அப்பலோனியாவுக்கு ஊர் செய்ததை இப்போது க்ளேர்ஷனுக்கு மரியா செய்கிறாள். கணவன் விட்டுப் போனதால் காயப்பட்டவள் அவள். அந்தப் பயத்தினாலேயே மகனை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியே அவனையும் வெளியே தள்ளியது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஹெர்மான் மூனிக் போகிறான், இனி ஷாபாக்குக்குத் திரும்புவதே இல்லை என்ற சபதத்தோடு. அவனுடைய 1960களைச் சொல்ல ரைட்ஸ் இன்னொரு தொடரே எடுத்தார். 1992இல் வந்த 'இரண்டாவது ஹைமாட்' 13 பகுதிகள் கொண்டது, சுமார் 25 மணி நேரம் ஓடும். பிறந்த ஊர் விதி. இரண்டாவது ஊர் நாமே தேர்ந்தெடுப்பது என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள்.

இந்த வெளியேற்றம் 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியதும் அல்ல. வறுமையும் விளைச்சல் குறைவும் துரத்த, 19ஆம் நூற்றாண்டில் ஹுன்ஸ்ரூக் மக்கள் ஏராளமானோர் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில் அவர்களின் சந்ததியினர் பலர் இன்றும் அந்த வட்டார மொழியைப் பேசுகிறார்கள். 2013இல் வந்த 'வேறொரு ஹைமாட்' படத்தில் ரைட்ஸ் அந்தக் கதையையும் சொன்னார். அதில் புத்தகம் படித்துப் பிரேசிலைக் கனவு கண்ட தம்பி ஊரிலேயே தங்கிவிட, அண்ணன் கிளம்பிப் போகிறான்.

தொடர் மீது கடுமையான விமர்சனமும் எழுந்தது. நாஜிக் காலத்தை இத்தனை மணி நேரம் காட்டும் கதையில் யூதர்களின் அழிவு ஓரமாக மட்டுமே வந்துபோகிறது. கிராமத்தார் கண்ணில் பட்டதைத்தான் காட்டினேன் என்ற வகையில் இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் கிராமத்தார் பார்க்க மறுத்ததும் வரலாறுதானே? அந்தக் கேள்விக்குத் தொடர் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்பதே உண்மை.

ஆனாலும் ஒன்றை அது நேர்மையாகச் சொல்கிறது. தனக்குள் அன்பாக இருக்கும் ஊர்தான், தனக்குப் பொருந்தாதவர்களை மெல்ல வெளியே தள்ளவும் செய்கிறது. கடைசிப் பகுதியில் 1982இல் மரியாவின் இறுதி ஊர்வலம். திடீரென மழை கொட்ட, எல்லோரும் ஒதுங்க ஓடுகிறார்கள். சவப்பெட்டி மட்டும் தெருவின் நடுவில் நனைந்துகொண்டிருக்கிறது. போனவர்கள் எல்லோரும் அன்று ஊர் திரும்பியிருந்தார்கள். ஊரை விட்டு ஒருபோதும் போகாத ஒருத்திதான் அங்கே தனியாகக் கிடந்தாள்.