ஹாஸ்லர் மயானம்: மருந்து இருந்தும் மடிந்தவர்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர் காஸ்போர்ட். அங்குள்ள ஹாஸ்லர் என்ற பழைய கடற்படை மருத்துவமனையின் வளாகத்தில் ஒரு புல்வெளி உண்டு. பார்ப்பவர்களுக்கு அது வெறும் திடல். ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கடற்படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோரின் தலைமாட்டில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

கடற்படை வீரர்கள் என்றதும் போரில் குண்டடிபட்டு இறந்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை அதுவல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை பீரங்கிக்குப் பறிகொடுத்தவர்களைவிட நோய்க்குப் பறிகொடுத்தவர்களே அதிகம். அதனால்தான் 1746இல் ஹாஸ்லர் மருத்துவமனையைக் கட்டத் தொடங்கினார்கள். 1753இல் முதல் நோயாளிகள் வந்தார்கள். 1762இல் கட்டடம் முழுமை பெற்றது. வலுக்கட்டாயமாகப் பிடித்துவந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் நோயாளிகளில் இருந்ததால், தப்பி ஓடாமல் இருக்கச் சுற்றிலும் உயரமான மதில் எழுப்பப்பட்டது. மதிலைத் தாண்ட முடியாத பலர், மயானத்துக்குத்தான் போனார்கள்.

பன்னிரண்டு பேர், ஆறு மருந்துகள்

மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டுமே முக்கிய உணவு. காய், கனி கிடைக்காததால் ஸ்கர்வி நோய் பிடித்தது. ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும். ஆறிய பழைய காயங்கள்கூட மீண்டும் திறந்துகொள்ளும். முடிவில் மரணம்.

1747இல் ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஸ்கர்வி கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருவித மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்குக் கடல்நீர் என்று போன அந்தச் சோதனையில், ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினார்கள். இதை 1753இல் அவர் நூலாகவும் வெளியிட்டார். 1758இல் அதே லிண்ட் ஹாஸ்லருக்குத் தலைமை மருத்துவராக வந்தார்.

அப்படியானால் மயானம் ஏன் நிரம்பிக்கொண்டே போனது?

48 ஆண்டுகள்

பழி முழுவதையும் அதிகாரிகள் மேல் போட்டுவிட முடியாது. லிண்ட் தம் கண்டுபிடிப்பின் அருமையைத் தாமே முழுமையாக உணரவில்லை. ஈரக்காற்று முதலிய பல காரணங்களையும் அவர் நம்பினார். பழச்சாறு கெடாமலிருக்க அதைச் சூடாக்கிக் குறுக்கி எடுத்துச் செல்லலாம் என்றார். அந்தச் சூட்டில் சாற்றின் சத்து பெருமளவு அழிந்துபோனது. வைட்டமின் சி என்பதை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். கடற்படைத் தலைமையும் அவசரம் காட்டவில்லை.

லிண்ட் 1783 வரை 25 ஆண்டுகள் ஹாஸ்லரில் பணியாற்றி, 1794இல் மறைந்தார். மறு ஆண்டு, 1795இல், கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவரின் விடாமுயற்சியால் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவு பிறந்தது. சாலிஸ்பரி சோதனை நடந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பலன் எப்படி? 1780இல் ஹாஸ்லருக்கு வந்த ஸ்கர்வி நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேல். 1806இல் வந்தவர் ஒரே ஒருவர்!

எலும்புகள் சொல்லும் சாட்சி

1859இல் அருகிலுள்ள கிளேஹாலில் கடற்படைக்குப் புதிய மயானம் திறக்கப்பட்டது. 2009இல் ஹாஸ்லர் மருத்துவமனையும் மூடப்பட்டது. பின்னர் அதன் கட்டடங்களைக் குடியிருப்புகளாக மாற்றும் வேலை தொடங்கியது. இதற்கிடையே தொல்லியலாளர்கள் பழைய மயானத்தின் ஒரு பகுதியைத் தோண்டி ஆய்வு செய்தார்கள். ஹாஸ்லரிலும் பிளிமத் கடற்படை மருத்துவமனை மயானத்திலும் கிடைத்த எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியானது. கடற்படையின் பழைய உணவுப் பதிவேடுகளில் உள்ளதற்கும் எலும்புகள் காட்டுவதற்கும் பொருத்தம் இருந்தது. பெயரில்லாத மாலுமி தான் என்ன சாப்பிட்டான் என்பதை இருநூறு ஆண்டுகள் கழித்துச் சொல்லிவிட்டான்.

அவனுக்குக் கிடைக்காமல் போனது அரிய மூலிகை அல்ல, சாதாரண எலுமிச்சம்பழம். மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்வதே மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்காகக் காத்திருந்தவர்களும் ஹாஸ்லர் புல்வெளியின் அடியில் உறங்குகிறார்கள்.