பச்சைப் பொத்தானை வைத்தது யார்?

டிசைன் படிக்கும் நம் கல்லூரித் தம்பி தங்கைகள் களஆய்வுக்குக் கிளம்பும்போது ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் கம்பெனியில் ஒரு மானிடவியல் பெண்மணி, ஜனங்கள் மிஷினை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூர்ந்து பார்த்தாராம். அதனால்தான் காப்பி மிஷினில் பெரிய பச்சைப் பொத்தான் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

அவர் பெயர் லூசி சச்மன். பாலோ ஆல்டோவில் அப்போது ஜெராக்ஸ் நடத்திவந்த ஆய்வு மையத்துக்கு, பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோதே வந்து சேர்ந்தவர். 1980-களின் தொடக்கத்தில் கம்பெனியின் 8200 என்ற காப்பி மிஷினைப் பற்றி, 'இதோடு மல்லுக்கட்ட முடியவில்லை' என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். விளம்பரமோ பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றது. ஆக, பொத்தான் முதலிலேயே இருந்தது!

சச்மன் அங்கேயே மிஷினை வைத்து, இரண்டிரண்டு பேராகக் காப்பி எடுக்கச் சொல்லி வீடியோ பிடித்தார். ஏன் இரண்டு பேர்? தனி ஆள் மனசுக்குள்ளேயே குழம்புவார். கூட ஒருத்தர் இருந்தால், "இப்ப என்ன பண்ணச் சொல்லுது?" என்று வாய்விட்டுக் கேட்டுத்தானே ஆக வேண்டும். ஒரு படத்தில் தடுமாறுகிறவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை அறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவருக்கே அந்தக் கதி என்றால், 'படிக்காதவங்க, அதான் தெரியலை' என்று எப்படிச் சொல்வது?

பிறகு, திரையில் வழி சொல்லும் உதவிக் கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்த ஆய்வில், பதிவானதை நாலு பத்தியாகப் பிரித்து எழுதினார். ஆட்கள் செய்வதில் மிஷினுக்குத் தெரியாதவை, தெரிபவை. மிஷின் அவர்களுக்குக் காட்டியது. அதற்கு வடிவமைத்தவர் வைத்திருந்த காரணம். முதல் பத்திதான் முக்கியம் என்பேன். அவர்கள் பேசியது, யோசித்தது, விழித்தது எல்லாம் அதில்தான். மிஷினுக்குத் தெரிந்ததோ மூடி திறந்ததும் பொத்தான் அழுத்தியதும் மாதிரிச் சில சங்கதிகள் மட்டுமே. ஆள் தப்பாகச் செய்தாலும் சரியாகத்தான் போகிறது என்று நினைத்து அது அடுத்த குறிப்பைக் காட்டிவிடும். 1987-இல் இது புத்தகமாக வந்தது.

அதே மையத்தின் ஜூலியன் ஓர், மிஷின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு சுற்றினார். அவர் நூல் 1996-இல் வெளியானது. கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள். வேலைக்கு நடுவே அரட்டை என்று மேலதிகாரி நினைக்கக்கூடிய இடத்தில்தான் பாதி வேலையே நடந்திருக்கிறது.